பதினோரு சாவி

"சத்தம் நின்னதும் சாவிய ஆட்டும்மா. அப்பத்தான் எந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் யோகராணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பச்சை அங்கியைப் பின்பக்கம் கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கொலுசு கழற்றிய வெறுங்காலோடு, தரை சில்லிட்டதால் குதிகாலை ஊன்றாமல் நுனிவிரலில் நடந்து போனாள். பதினேழு வயசு, பன்னிரண்டாவது படிக்கிறாள். ஆனால் அந்த அங்கிக்குள் பார்க்கும்போது பூரணத்துக்கு எட்டு வயசுப் பிள்ளை போகிற மாதிரி இருந்தது. எட்டு வயசில்தான் முதல் வலிப்பு வந்தது. கனத்த கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டி இரும்பு போகக் கூடாது என்று ஸ்கேன் எடுக்கிற தம்பி சொல்லியிருந்தான். அவன் சட்டைப்பையில் அருள்ராஜ் என்று பெயர் குத்தியிருந்தது. "சாவி, ஊக்கு, தாயத்து எதுவும் ஆகாதுக்கா. உள்ள இருக்கிறது காந்தம். சாவி பறந்து போயி ஆள் மண்டையில அடிக்கும்." அவன் விளையாட்டாகச் சொன்னானா நிஜமாகவா என்று தெரியவில்லை. பூரணம் சாவிக்கொத்தை முந்தானையில் சுருட்டி, இரண்டு கையாலும் பொத்தி, மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு சாவி இன்னொரு சாவியின் மேல் படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது பழக்கம்தான். பழக்கம் என்ற வார்த்தை வந்துவிட்டது. அந்த வார்த்தையை நினைக்கக் கூடாது என்று காலையில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

சுவருக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் தொடங்கியது. டக், டக், டக் என்று மூன்று. நின்றது. மறுபடியும் மூன்று. பிறகு ஒரேயடியாகக் கரகரவென்று, கல் உடைக்கிற இயந்திரம் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்ட மாதிரி. பூரணம் கொத்தை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். கொஞ்சம் சத்தம் போடும் என்று டாக்டர் சொன்னார். இதுவா கொஞ்சம்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முழங்கையால் இடித்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, பேர் ஒச்சம்மா என்று கேட்காமலே சொல்லியிருந்தாள். அவள் புருஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, அடுத்த முறைக்காகச் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். "நெல்லு மில்லுல கூட இந்தக் கத்து கத்தாதுத்தா. அந்தப் புள்ள எப்பிடிப் படுத்திருக்கோ." பூரணம் தலையை மட்டும் ஆட்டினாள். "இவரு மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னைக்காவது போட்டோ எடுத்துச் சொல்லட்டும். முப்பது வருசமா நானும் தேடுறேன், ஆப்பிடல." ஒச்சம்மா தானே சிரித்துக்கொண்டாள். பூரணத்துக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது, ஆனால் வாய்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. எதிர்ச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கீழே ஒரு சாவிக்கொத்துப் படம், அதன் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. ஏழாவது வரைதான் படித்தவள் என்றாலும் இதை வாசிக்க அது போதும். ஒன்பது வருஷமாக இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், ஒன்பது வருஷமாக அந்த அட்டை அங்கேதான் இருக்கிறது. வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாவியைத்தான் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? பிள்ளை வெட்டி வெட்டி இழுக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் எந்தத் தாய் பார்ப்பாள்? அட்டை எழுதினவர்கள் ஏதாவது கொடு என்று ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எதுவும் கொடுக்காதே என்றால் கை என்ன செய்யும்.

கரகரப்பு நிற்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு எத்தனை டெசிபல் இருக்கும்? அவள் வேலை செய்கிற இடத்தில் அடிக்கிற மணிக்கு நூற்றுப்பத்து. அதை சுகிர்தா மேடம் ஒரு சின்னக் கருவியை வைத்து அளந்து பார்த்துச் சொல்வார்கள். பூரணத்துக்கு வேலை ஆராய்ச்சிக் கூடத்தில், எலி ரூமில். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பி நிரப்புவது. ஆறு வருஷமாகச் செய்கிறாள். சும்மா எலிகள் எத்தனையோ பார்த்திருக்கிறாள், ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகிர்தா மேடம் கொண்டுவந்த எலிகள் வேறு மாதிரி. பார்க்க வெள்ளையாக, சாதுவாகத்தான் இருக்கும். பிறக்கும்போதே சத்தத்துக்கு வலிப்பு வருகிற வம்சம் என்று மேடம் சொன்னார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் ஒன்றை விட்டு மேலே மணியை அடித்தால், முதலில் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். பிறகு ஓடும். அது சாதாரண ஓட்டம் இல்லை. சுவரில் மோதிக்கொண்டு, தன் வாலையே தாண்டிக்கொண்டு, எதுவோ துரத்துகிற மாதிரி வட்டமாக ஓடும். துள்ளும். விழும். பின்னங்கால் இரண்டையும் நீட்டி விறைத்துக்கொள்ளும். மேடம் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். முதல் நாள் பார்த்தபோது பூரணம் வெளியே ஓடிவந்து குழாயடியில் நின்றுகொண்டாள். ஓட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் அவள் வீட்டில் பார்த்தது. ராணி ஓட மாட்டாள். நின்ற இடத்தில் விழுவாள். ஓட மாட்டாள் என்று பூரணம் அன்றைக்குக் குழாயடியில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள், வராண்டாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ராணி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வேகமாக நாலு எட்டு வந்து விழுந்தாள். நாலு எட்டு. அது ஓட்டத்தில் சேருமா?

அந்த ரூமுக்குள் ஒரு கட்டளை உண்டு. சாவி கொண்டுவரக் கூடாது. மணி இல்லாவிட்டாலும் சாவி குலுங்கினாலே இந்த எலிகளுக்குப் போதும் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்து, பூரணத்தின் சாவிக்கொத்துக்கு அதுதான் இடம் என்றார்கள். "அக்கா, உங்க இடுப்புல தொங்குறது சாவி இல்ல, கோயில் மணி. ஊருல உள்ள பூட்டு பூராம் உங்களதா?" மேடம் கேலி செய்தார்கள். பூரணம் கொத்தை ஆணியில் மாட்டினாள். பதினோரு சாவியில் மூன்றுக்குத்தான் பூட்டு இருக்கிறது. வாசல் கதவு, பீரோ, சைக்கிள். மற்ற எட்டும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்துச் சேர்த்தவை. இரும்பு கனமாக இருந்தால் வலிப்பு சீக்கிரம் இறங்கும் என்று நினைத்தாள். வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தாள், பிள்ளைக்கு வயசு ஏறுகிற மாதிரி. கூண்டுகளுக்கு அட்டை மாட்டியிருக்கும். சிவப்பு அட்டை, மணி கேட்கிற எலி. வெள்ளை அட்டை, அதே வம்சம், ஆனால் மணி கேட்காத எலி. இரண்டு மூளையையும் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. வெள்ளை அட்டைக்காரர்கள் தனி ரூமில் ஒரு சத்தமும் இல்லாமல் வளர்ந்தார்கள். பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைக்க வேண்டும். இன்றைக்குக் காலையில் நர்ஸ் ராணியின் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை ஒன்று கட்டி அதில் பேரையும் வயசையும் எழுதினாள். வெள்ளைதான். எல்லாருக்கும் வெள்ளைதான் கட்டுகிறார்கள், ஒச்சம்மா புருஷனுக்கும் வெள்ளைதான். ஆனாலும் பூரணம் அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளை அட்டை எலி ஒன்றை அவள் ஒரு முறை கெடுத்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் ராணிக்கு வந்துவிட்டது, பல் தேய்க்கும்போது. ராணி தெளிந்து, படுத்து, அப்பாவிடம் போனில் பேசுகிற வரை இருந்துவிட்டு, பூரணம் லேட்டாக வேலைக்கு ஓடிவந்தாள். அவர் லாரியில் எங்கேயோ ஒரிசாப் பக்கம் இருந்தார். சாவி அவள் கையிலேயே இருந்திருக்கிறது. இடுப்பில்கூடச் செருகவில்லை, பிள்ளைக்குக் கொடுத்து எடுத்த கை அப்படியே வந்திருக்கிறது. பதினாலாம் நம்பர் கூண்டை இழுக்கக் குனிந்தாள். கொத்து நழுவி எவர்சில்வர் தட்டில் விழுந்தது. அந்த ரூமில் அதுவரைக்கும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மற்றவை எல்லாம் மூலையில் ஒடுங்கின, பதினாலு மட்டும் ஓடியது. வட்டமாக ஓடி, மூடியில் மண்டை இடிக்கத் துள்ளி, விழுந்து, காலை நீட்டியது. பூரணம் என்ன செய்தாள் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கூண்டைத் திறந்தாள். பீரோச் சாவியை, கொத்திலேயே சின்னது அதுதான், எடுத்து எலியின் முன்னங்கையில் வைத்தாள். ரோஸ் நிறக் கை. நகம்கூட இருந்தது. பிறந்த அன்றைக்கு ராணியின் கை இருந்த மாதிரி. விரல்கள் சாவியின் மேல் மெல்ல மூடின. மூடினவா, தானாக மடங்கினவா? ஒரு நிமிஷத்தில் எலி புரண்டு உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டது. இரும்பு எலிக்கும் கேட்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம் வந்தது. எலி விழுந்ததே அந்தச் சாவியால்தான் என்ற நினைப்பு, மறுபடியும் தட்டைத் துடைத்து வைக்கிற வரைக்கும் வரவில்லை. வந்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் நின்றது. பூரணம் பாதி எழுந்துவிட்டாள். முந்தானைக்குள் கை வியர்த்திருந்தது. ஆட்ட வேண்டுமா? சத்தம் நின்னதும் ஆட்டு என்றாள். ஆனால் கதவு திறக்கவில்லை. டக், டக், டக் என்று மூன்று. பிறகு மெல்லிசாக, வண்டு சுவருக்குள் சுற்றுகிற மாதிரி வேறொரு சத்தம். இன்னும் முடியவில்லை. உட்கார்ந்தாள். "அதென்னத்தா அப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்க? வீட்டுல புதையலா?" என்றாள் ஒச்சம்மா. "வீட்டுச் சாவி." "வீட்டுச் சாவின்னா இடுப்புல செருகு. யாரு அவுத்துட்டுப் போகப் போறா?" செருகினால் சத்தம் வரும் என்று இவளிடம் எப்படிச் சொல்வது. முதல் வலிப்பு வந்த அன்றைக்கும் யாரோ ஒரு பொம்பளை இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்தில். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்தினார்கள், தவிலும் நாயனமும் ஒன்றாக வெடித்தன. எட்டு வயசு ராணி அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தவள் அப்படியே சரிந்தாள். பிள்ளை மயங்கிருச்சு, இல்ல வலிப்பு, இரும்பக் குடுங்க, சாவி யாருகிட்ட இருக்கு என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். கல்யாணப் பொண்ணின் அம்மா இடுப்பிலிருந்து கொத்தைப் பிடுங்கி யாரோ பூரணத்தின் கையில் திணித்தார்கள். பிள்ளையின் விரலைப் பிரித்து வைத்தாள். கொத்து நழுவியது. தன் கையால் அவள் கையை மூடிப் பிடித்தாள். உதறலில் சாவி குலுங்கிக்கொண்டே இருந்தது, தவில் நின்ற பிறகும் குலுங்கியது. கண் திறந்தாள் ராணி. என்னம்மா சத்தம் என்று கேட்டாள். அதிலிருந்துதான். சத்தம் கேட்டுத்தான் பிள்ளை திரும்பி வந்தாள் என்று ஆகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு முறையும் கையில் வைத்தது போதாமல் காதோரமாக ஆட்ட ஆரம்பித்தாள். ராணியே ஒரு நாள் சொன்னாள், தூரத்துல ஒரு மாட்டு வண்டி வர்ற மாதிரி இருக்கும்மா, கிட்ட வரும், அப்புறம் பாத்தா அது நீ. அதைக் கேட்டு அன்றைக்குப் பூரணம் பெருமையில் அழுதாள். கெட்டிமேளத்தால்தான் வந்ததா? இல்லை, அன்றைக்குப் பிள்ளை காலையிலிருந்து சாப்பிடவில்லை, அந்தக் கூட்டம், அந்தப் புழுக்கம். அடுத்தது பள்ளிக்கூடத்தில், பரீட்சை எழுதும்போது, ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வலிப்பு, குக்கர் விசிலில். இல்லை, விசில் வந்தது பிறகு, அதற்கு முன்னாலேயே கை வெட்டிக்கொண்டது. நாலாவது என்ன. நாலாவதை யோசிக்க யோசிக்க ஐந்தாவதுதான் வருகிறது. மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் முதலில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று தெரியாது. கடைசியில் சாவி கேட்டது, ஒன்றிரண்டைத் தவிர, அது மட்டும் தெரியும்.

போன மாசம் சுகிர்தா மேடம் மூளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணம் தரை துடைக்கிற சாக்கில் பின்னால் நின்றாள். வாழைத்தண்டை வில்லையாக நறுக்கின மாதிரி எலி மூளையை நறுக்கி, ஊதாச் சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. "பாருங்கக்கா, இது சத்தம் வந்து சேர்ற இடம். முதல்ல வலிப்பு இங்கதான் கிளம்பும். இது, இந்த முந்திரிப்பருப்பு மாதிரி வளைஞ்சிருக்குல்ல, இது ஞாபகம் தங்குற இடம். ஆரம்பத்துல இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மணி அடிக்க அடிக்க, வலிப்பு இங்க வரைக்கும் வந்துருது. புள்ளி கொறைஞ்சிருக்கு பாருங்க, அத்தனையும் செத்த செல்லு. மிச்சமிருக்கிறது புதுசா வேர் விட்டுத் தப்பான பக்கமாப் போகுது." பூரணம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "பதினாலு எங்க மேடம்?" என்று கேட்டாள். "பதினாலா? அது வெள்ளை அட்டையாச்சே. என்னக்கா, செல்லப் பிள்ளையா அது?" தேடி எடுத்துப் போட்டார்கள். அடர்த்தியாகப் புள்ளி, நெருக்கி விதைத்த கேழ்வரகு மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. "ஒரு தரம் கேட்டிருந்தா?" "ஒரு தரம்னா ஒண்ணும் தெரியாதுக்கா. பத்து, பதினஞ்சு, இருபதுன்னு திரும்பத் திரும்ப வரும்போதுதான். மூளை வலிப்புக்குப் பழகிடுது." பழகிடுது. நாய்க்குட்டி வீட்டுக்குப் பழகுகிறது, புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிறது, அப்படி மேடம் அதைச் சொன்னார்கள், சாதாரணமாக, தண்ணீர் குடித்துக்கொண்டே. பதினாலின் மூளை தப்பித்துவிட்டது என்று நிம்மதி வந்த அதே மூச்சில், ராணிக்கு அதுவரை வந்தது நாற்பது என்ற எண் வந்தது. "மனுசருக்கும் அப்பிடித்தானா மேடம்?" "எலி எலிதான்க்கா. இது அதுக்குன்னே பிறந்த எலி. மனுசருக்குச் சத்தத்துல வலிப்பு வர்றது ரொம்ப அபூர்வம்." அபூர்வம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கேயோ யாருக்கோ வருகிறது, அதற்குத்தான் அபூர்வம் என்று பேர். மேடத்துக்கு ராணியைப் பற்றித் தெரியாது. சொல்லவில்லை. சொன்னால் சாவியைச் சொல்ல வேண்டும், சாவியைச் சொன்னால் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாவிக்கொத்தைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் போட்டாள். ராணி தேடினாள். "எங்கம்மா நம்ம மாட்டு வண்டி?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, சாவி இல்லாமல். பூரணம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், அட்டையில் போட்டிருக்கிற மாதிரியே. கடிகாரத்தைப் பார்த்தாள், மேடம் பார்க்கிற மாதிரியே. நின்றுவிட்டது. ஆனால் ராணி கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது, திறந்தும் அவளை யாரோ போலப் பார்த்தாள். நீ எங்கம்மா போயிட்ட, சத்தமே காணோம், நான் பாட்டுக்கு நிக்கிறேன் நிக்கிறேன் என்று அழுதாள். மறுநாள் பூரணம் அரிசி டின்னைத் திறந்து சாவியை எடுத்துவிட்டாள். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். ஆடி மாசத்து டம்ளர் வேறு மனசில் கிடந்து உருள்கிறது. அந்த ஆடியில் ஒரு நாள் பீரோவைத் திறக்கச் சாவியை எடுத்தாள். ராணி பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்து டம்ளர் விழுந்தது. சாவி குலுங்கியது முதலிலா, டம்ளர் விழுந்தது முதலிலா? சாவி முதல் என்றால் எல்லாம் முடிந்தது. டம்ளர் முதல் என்றால் பூரணத்தின் மேல் பழி இல்லை. கண்ணை மூடி அந்த இடத்துக்குப் போய் நிற்கிறாள். பீரோக் கதவின் பச்சை தெரிகிறது. காபி வாசனைகூட வருகிறது. கை சாவிக்குப் போகிறது. அங்கே வந்ததும் இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது, ஒவ்வொரு முறையும் ஒன்றாகவேதான் கேட்கிறது. டாக்டர் போன வாரம் தெளிவாகக் கேட்டார். மாத்திரை மாற்றியும் நிற்கவில்லையே, எப்ப வருதும்மா, தூக்கம் இல்லாதப்பவா, வெளிச்சம் பட்டா, சத்தம் ஏதாவது? தெரியல சார் என்றாள். சரி, மூளையில ஏதும் மாற்றம் இருக்கான்னு ஒரு ஸ்கேன் பாத்துருவோம் என்றார். மாற்றம். அந்தப் படத்தைச் சட்டத்தில் மாட்டி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். முந்திரிப்பருப்பு வளைவில் புள்ளி குறைந்திருக்கும். யார் செய்தது என்று படத்தில் எழுதியிருக்காது. ஆனால் பூரணத்துக்குத் தெரியும்.

வண்டுச் சத்தம் போய், இப்போது இடித்தது. கதவு, பெஞ்சு, முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து இடித்தது. அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அருள்ராஜ் உட்கார்ந்திருந்த சின்ன அறையின் வாசலில் நின்றாள். "தம்பி, கொஞ்ச நேரம் நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்க முடியுமா?" "ஏன்க்கா?" "சத்தம்." "காதுல பஞ்சு வச்சு மேல ஹெட்போன் மாட்டியிருக்கேன். பாதியில நிப்பாட்டுனா திரும்ப மொதல்லருந்து எடுக்கணும். அப்ப இன்னும் நேரமாகும்." அவன் பார்த்துக்கொண்டிருந்த திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ நகர்ந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடி ஜன்னல் வழியாக அந்தப் பெரிய வளையம் தெரிந்தது, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால், வெள்ளைத் துணி, துணிக்கு வெளியே பாதம். இடதுகால் பெருவிரலில் போன தீபாவளிக்கு வைத்த மருதாணி நகத்தின் நுனியில் மட்டும் மிச்சமிருந்தது. அசையவில்லை. "வலிப்பு வந்துட்டா உங்களுக்கு எப்பிடித் தெரியும் தம்பி?" "கையில ரப்பர் பந்து குடுத்திருக்கேன்க்கா. ஏதாச்சும்னா அமுக்கும், இங்க மணி அடிக்கும்." மணி. அந்தக் கைக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள், சுவரில் அட்டை ஒட்டினவர்களே. அமுக்கினால் மணி அடிக்கும். வலிப்பில் விரல் மடங்கினால் தானாக அமுங்கும், விரல் விறைத்து நீண்டால் அமுங்காது. எலிக்கு நீண்டதா, மடங்கியதா? பதினாலுக்கு மடங்கியது. ராணிக்கு முதலில் நீளும், பிறகு மடங்கும். "தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாள், இவனிடம் சொன்னால் இவன் டாக்டரிடம் சொல்லுவான். "சொல்லுங்க." "நான் வந்து, சாவி..." "சாவி வெளியவே இருக்கட்டும்க்கா, கோட்டத் தாண்டிராதீங்க. இன்னும் நாலு நிமிசந்தான்." அவன் திரைப்பக்கம் திரும்பிவிட்டான். அவள் கையைப் பார்த்தாள். முந்தானை நழுவி, சாவிக்கொத்து வெறுமனே உள்ளங்கையில் இருந்தது. எப்போது பிரித்தாள் என்று தெரியவில்லை.

நாலு நிமிஷம். அவள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இடித்துக்கொண்டே இருந்தது. இடிப்பதற்குள் ஏதோ ஒரு தாளம் வந்துவிட்டது, ரா-ணி ரா-ணி என்று கேட்க ஆரம்பித்தது, கேட்காதே என்று நினைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்டது. பிறகு நின்றது. இந்த முறை டக் டக் டக் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கதவு திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. அருள்ராஜ் உள்ளே போய்ப் பலகையை வெளியே இழுத்தான். ராணியின் முகத்துக்கு மேலே வெள்ளைக் கம்பி போட்ட கூண்டு மாதிரி ஒன்று கவிழ்ந்திருந்தது. அதைத் தூக்கி எடுத்தான், காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "எந்திரிம்மா. முடிஞ்சிருச்சு." ராணி எழுந்திருக்கவில்லை. கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ரப்பர் பந்து விரித்த உள்ளங்கையில் அமுங்காமல் இருந்தது. "நல்லாத் தூங்கிருச்சு போலக்கா. இந்தச் சத்தத்துலயும் தூங்குறவங்க உண்டு. நீங்க ஒரு சத்தம் குடுங்க" என்றான். தூக்கமா? வந்து போய்விட்ட களைப்பா? இல்லை, குறும்பா, சொன்னபடி சாவிக்காகக் காத்துக் கிடக்கிறாளா? பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று பூரணம் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் ஒச்சம்மா எழுந்து வந்து நின்றாள். "ஆட்டுத்தா. புள்ள சொல்லிட்டுத்தான போச்சு, எனக்கே கேட்டுச்சு." ஆட்டக் கூடாது. இப்போதுதான் அத்தனை சத்தமும் கேட்டுத் தீர்ந்த மூளை, காதில் பஞ்சுகூட இல்லை. ஆட்டாவிட்டால் நிக்கிறேன் நிக்கிறேன் என்று அங்கேயே நிற்பாள், தூரத்தில், வண்டி வராத ரோட்டில். பூரணம் சாவியை இறுக்கினாள். சாவிப் பல்லெல்லாம் உள்ளங்கையில் பதியப் பதிய இறுக்கினாள். இறுக்க இறுக்கக் கை நடுங்கியது. முதலில் ஒரு சாவி இன்னொன்றின் மேல் பட்டது. அதை நிறுத்த இடது கையைக் கொண்டுபோனாள், அதுவும் நடுங்கியது. பிறகு பதினொன்றும், பூட்டு இருக்கிற மூன்றும் இல்லாத எட்டும், அவளைக் கேட்காமல் குலுங்க ஆரம்பித்தன. உள்ளே வெள்ளைத் துணியின் ஓரத்தில், மருதாணி நகம் வைத்த பெருவிரல் அசைந்தது. அடுத்த காலும் அசைந்தது. எழுந்திருக்கப் போகிற காலா, ஓடப் போகிற காலா என்று கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. சாவி நிற்கவில்லை.